கரையில் மூன்று மணி நேரம்

மோசல் ஆற்றில் போகும் உல்லாசக் கப்பல் அந்தச் சின்ன ஊரில் மூன்று மணி நேரம்தான் நிற்கும். ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். மற்றவர்கள் கோணல்மாணலான மரச்சட்ட வீடுகளைப் படமெடுக்க ஓடினார்கள். ரோஸ்விதா மட்டும் கல்லறையில் ஏற்றி வைக்கும் ஒரு சிவப்பு விளக்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தங்கை கெர்டாவின் வீட்டுக்கு நடந்தாள். அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட எட்டிப் பார்க்காதவள். இருபத்து மூன்று வருடம் கழித்து, கப்பல் இந்தப் பக்கம் போகிறதே என்று வந்திருந்தாள். விளக்கை ஏற்றி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் நெஞ்சை அறுப்பது நின்றுவிடும் என்று நம்பினாள்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. கெர்டா சமையலறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஷூவ அந்தக் கல்லுல நல்லாத் தேச்சுட்டு உள்ள வாக்கா. ஒரே சேறு."

ரோஸ்விதா நன்றாகவே தேய்த்தாள். உள்ளே பிளம்ஸ் கேக் தயாராக இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க, கெர்டா இன்னொரு துண்டு வெட்டி வைத்தாள்.

"சாப்பிடு. கல்லறை என்ன, எழுந்தா ஓடிடப் போகுது?"

நாலரைக்குத்தான் மாதா கோயில் மேட்டுக்கு ஏறினார்கள். அம்மாவின் இடம் என்று கெர்டா காட்டிய இடத்தில் பளபளவென்று ஒரு கறுப்புக் கல் நின்றது. அதில் வேறு பெயர்.

"அம்மா எங்கடி?"

"அடியில, ஏதாவது மிச்சமிருந்தா. மேல கசாப்புக்கடை ஆல்ஃபோன்ஸ்."

அந்த ஊரில் குழி இருபது வருடத்துக்குத்தான். நீட்டிக்காவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ரோஸ்விதாவுக்கும் இது தெரியும். தங்கை இருக்கிறாளே, பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டாள்.

"மூத்தவள்னு உன் பேர்லதான பதிஞ்சிருந்துச்சு? நீதான் கையெழுத்துப் போடணும். சொந்தக்காரங்க ஆபீசுக்கு வரவும்னு கல்லு மேல மஞ்சச் சீட்டு ஒட்டினாங்க. ஒரு வருஷம் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை தவறாம நான் பாத்தேன்."

"பாத்துட்டு சும்மா இருந்தியா? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"அம்மா சாகக் கெடந்தப்ப மூணு தடவ பண்ணேன். நீ டென்னிஸ் ஆடப் போயிருக்கன்னு மச்சான் சொன்னாரு. மூணு தடவையும்."

அம்மாவின் கல்லாவது மிஞ்சியதா என்று ரோஸ்விதா கேட்டாள்.

"அதத் தூக்கிப் போட மனசு வரல. வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன்."

அவள் அழுதேவிட்டாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கடி வச்சிருக்க? இந்த விளக்க அங்கயாவது ஏத்திடறேன்."

"சமையக்கட்டு வாசல்ல. எழுத்து அடியில போற மாதிரி குப்புறப் போட்டிருக்கேன். ஷூ தேச்சியே, அதான்."

கீழே ஆற்றில் கப்பல் சங்கு ஊதியது. கெர்டா கையை விடுவித்துக்கொண்டு, அக்காவின் பையிலிருந்து விளக்கை எடுத்தாள்.

"இத குடுத்துட்டுப் போ. வாசல்ல வெளிச்சம் பத்தல, கல்லு தடுக்குது."