காந்திமதி இன்னும் இருமவில்லை

1.

இந்தக் கதை ஒரு மாத்திரை டப்பாவிலிருந்து வந்தது. பெரிய அருள்வாக்கு எதுவும் இல்லை. போன வாரம் எனக்கு நெஞ்சில் சளி கட்டியது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். டப்பாவுக்குள் பொடி எழுத்தில் ஒரு தாள். எழுத வேறு எதுவும் ஓடாததால் அதைப் படித்தேன். சளியை இளக்கும் இந்த மருந்தோடு இருமலை அடக்கும் மருந்தைச் சேர்க்கக் கூடாதாம். இளகிய சளி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கிவிடுமாம். எனக்குத் திக்கென்றது. ஒரு கொலைக்கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

[கொலை என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். கடைசியில் நீங்களே அடித்துக்கொள்ளலாம்.]

2.

முதல் தொடக்கம்: "பனி மூடிய திண்டிவனம் ஸ்டேஷனில் ஒரு ரயில் பெருமூச்சு விட்டபடி—"

வேண்டாம். எல்லாக் கதையிலும் ரயில் பனியில்தான் வந்து நிற்கிறது.

இரண்டாவது: "காந்திமதி பேரழகி—"

அதுவும் வேண்டாம். அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அழகைப் பேச இதுவா நேரம்?

நேரே விஷயத்துக்கு வருகிறேன். 1938, தை மாதம். திண்டிவனத்தில் ஒரு வைத்தியசாலை. கம்பவுண்டர் ராயப்பன் சளியை இளக்கும் மிக்சரைப் பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி அதன் மேல் ஒட்டுகிறார். எதிரே தாண்டவராயன், சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். பக்கத்தில் அவர் மகள் காந்திமதி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"நல்லா குலுக்கிட்டு ஒரு கோடு மட்டும் குடுங்க. வெந்நி நெறைய குடிக்கட்டும்" என்கிறார் ராயப்பன்.

"நாளைக்கு விழுப்புரத்துல பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள இருமல் நின்னுடுங்களா?"

"நிக்காதுங்க, ஜாஸ்தியாவும். சளி இளகிக்கினு மேல வருது இல்ல? வரட்டும், துப்பட்டும். இருமலை மட்டும் அடக்கிடாதீங்க."

தாண்டவராயன் தலையாட்டினார். இந்தப் பேச்சு நடந்த இடம் திண்டிவனம். தயவுசெய்து அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3.

விழுப்புரத்தில் இருப்பவள் தாண்டவராயனின் அக்கா கெங்கம்மாள். தாயில்லாத காந்திமதியை வளர்த்தவள். பெண் பார்ப்பது அவள் வீட்டில்தான்.

முதல் பிரதியில் இவளைப் பொல்லாதவளாக எழுதியிருந்தேன். "கெங்கம்மாளின் கண்ணில் ஒரு குரூரம்—" பொய். எழுத்தாளனின் சோம்பேறித்தனம். காந்திமதி ரயிலைவிட்டு இறங்கி, வீட்டு வாசலில் நின்று, குடல் வெளியே வருகிற மாதிரி இருமியதைக் கேட்டுக் கெங்கம்மாள் அவசரமாக அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான். போன வருஷம் கிளியனூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காந்திமதி ஒரே ஒரு தடவை இருமியதும் எழுந்து போய்விட்டார்கள். போகிற வழியெல்லாம் "அந்தப் பொண்ணுக்குக் காசம்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

இன்னொரு தடவை அப்படி நடக்க விடக் கூடாது. கெங்கம்மாளிடம் மூட்டுவலிக்கு வாங்கிவைத்த அபின் இருந்தது. அது இருமலையும் அடக்கும் என்று அவளுக்குத் தெரியும். துளி கிள்ளிப் பாலில் கரைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

"குடிடி தங்கம். தொண்டைக்கு எதமா இருக்கும்."

காந்திமதி குடித்தாள். அத்தை கொடுத்தால் குடிக்காமல் என்ன செய்வாள்?

4.

கூடம். மாப்பிள்ளை முருகையன், ரயில்வேயில் வேலை. அவன் அம்மா லட்சுமியம்மாள். நடுவில், தலை குனிந்து, காந்திமதி.

இருமல் இல்லை. ராயப்பன் சொன்னதையும் மீறி, காலையில் கொடுத்த மருந்து கேட்டுவிட்டது என்று தாண்டவராயன் பூரித்துப்போனார். பால் கேட்டுவிட்டது என்று கெங்கம்மாள் நிம்மதியானாள். காந்திமதியின் நெஞ்சுக்குள் உலை கொதிக்கிற மாதிரி களகளவென்று ஒரு சத்தம். அவளுக்கே அது தூரத்தில் கேட்டது. இமை கனத்தது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

"வந்ததுலேர்ந்து தல நிமிரல பாரேன்" என்றாள் லட்சுமியம்மாள் மகனிடம். "எவ்ளோ அடக்கமான பொண்ணு!"

[இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். எனக்கே மூச்சு அடைத்தது.]

5.

முடிவு ஒன்று: காந்திமதி தானாகவே பெரிதாக இருமி, பிழைக்கிறாள். அடித்துவிட்டேன். அபின் அவ்வளவு சுலபத்தில் விடாது.

முடிவு இரண்டு: முருகையன் பாய்ந்து அவளைத் தாங்கி, "கட்டுனா இவளத்தான்" என்கிறான். எழுதும்போதே வெட்கமாக இருந்தது.

முடிவு மூன்று: "தட்டு மாற்றுவதற்குள் காந்திமதி—"

முடியாது. எனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

6.

இன்னும் நேரம் இருக்கிறது. அவளை உலுக்கி எழுப்பி, நிமிர்த்தி உட்காரவைத்து, இருமச் சொல்லிக்கொண்டே வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். ஆனால் அதற்கு முதலில் யாராவது பயப்பட வேண்டும். தாண்டவராயனுக்குப் பாட்டில் தெரியும், பால் தெரியாது. கெங்கம்மாளுக்குப் பால் தெரியும், ராயப்பன் சொன்னது தெரியாது. என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; நான் வெளியே, காகிதத்துக்கு இந்தப் பக்கம், இருமிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் தெரிந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

சொன்னால் கல்யாணம் நின்றுபோகும். காசம் என்று மறுபடியும் ஊர் பேசும்.

லட்சுமியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுப் பார்க்கிறாள்.

"மாத்திக்கலாமா? யாராச்சும் எதனா சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

உங்களைத்தான் பார்க்கிறாள்.