பதினொரு வட்டங்கள்

பாதிதான் வருகிறது. ஏன் பாதிதான் வருகிறது? புள்ளிகளை மூன்று தடவை எண்ணிவிட்டேன், எல்லாம் இருக்கின்றன. எனக்குத்தான் ஏதோ கழன்றுபோயிருக்கிறது.

சுகாசினி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் எதிர் மேசையிலிருந்து அகிலா எழுந்து வந்துவிடுவாள். திரையில் முந்நூற்றுச் சொச்சம் வீடுகள் கோடுகளால் பின்னிக்கொண்டு மிதந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் அதன் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடவே நகர்ந்தார்கள். வார்டுத் தேர்தலில் நிற்கப்போகிற வசந்துக்காகச் செய்கிற வேலை. வீட்டுக்கு ஒரு நோடு, அதாவது ஒரு சின்ன உருவம். யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்பதற்கு ஒரு கோடு. தயாராகக் கிடைக்கிற வட்டம், சதுரம், முக்கோணம் எதுவும் அவனுக்கு வேண்டாமாம். கோபுரம், அன்னம், ருத்திராட்சம், மாங்காய் என்று பட்டுப் புடவையில் வருகிற உருவங்கள்தான் வேண்டுமாம்.

அதனால்தான் வேலை இவளிடம் வந்தது. அகிலா நடத்தும் இந்த ஆபீசில் சேருவதற்கு முன் சுகாசினி ஆறு வருஷம் ஒரு பட்டுக் கடைக்கு கிராஃப் தாளில் டிசைன் போட்டவள்.

அந்த ஆறு வருஷம்தான் காலை வாரிவிட்டிருந்தது. அது புரிய அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கோபுரத்தைத் தாளில் பாதி போட்டால் போதும், மறுபாதியைத் தறி தானே திருப்பிப் போட்டுக்கொள்ளும். கை அப்படியே பழகியிருந்தது. பிரவுசருக்கு அந்த வழக்கம் தெரியாது. கொடுத்த பாதியை அப்படியே வரைந்து, ஒரு பக்கம் வெட்டிய படிக்கட்டு மாதிரி நிறுத்தியிருந்தது.

"கோபுரத்துல பாதிய யாரும்மா தின்னது?" அகிலா வந்தேவிட்டாள்.

"தறின்னு நெனச்சிக்கினு போட்டுட்டேன்."

"நல்லா நெனச்ச போ. நாலு நாளா நாலு பொம்மை. இதுக்குள்ள தறியில ஒரு புடவையே நெய்ஞ்சு அறுத்து எறக்கியிருக்கலாம்."

மறுபாதியைப் போட்டதும் அடுத்த தொல்லை. உருவம் மாறிவிட்டது, ஆனால் உள்ளே அது இன்னும் தன்னை வட்டமென்றே நினைத்துக்கொண்டிருந்தது. கோடுகள் கோபுரத்தின் விளிம்பில் நிற்காமல் வயிற்றுக்குள் நுழைந்தன. மாங்காயில் உள்ளே வளைந்த பக்கத்துக்கு வந்த கோடு, தொட எதுவும் இல்லாமல் வெறும் இடத்தில் நின்றது. நுனியில் தொட்டால் பெயர் விரியவில்லை. எல்லையை எங்கே அளக்க வேண்டும் என்று ஒவ்வொரு உருவத்துக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெட்டது. மவுஸை ஓங்கி மேசையில் வைத்தாள். அகிலா நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

மூன்று மணிக்கு எல்லாம் படிந்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். களைப்புதான் வந்தது. இனி தெரிந்த வீடுகளை வைத்துச் சோதிக்க வேண்டும். அவளுக்கு இந்த வார்டில் இரண்டு தெருக்கள் தெரியும். ஒன்று ஓரிக்கை பக்கம் அம்மா கங்கையம்மாள் இருக்கும் தெரு. இன்னொன்று சின்ன காஞ்சிபுரத்தில் அவளும் கணவன் குருவும் வாடகைக்கு இருக்கும் தெரு. அங்கே வந்து ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் நான்கு வீடு பார்த்தார்கள். பேச்சு சுமுகமாகப் போகும். அம்மா வீடு எந்தத் தெரு என்று கேட்பார்கள். சொன்னதும், வீட்டுக்கு ஊரிலிருந்து மச்சான் குடிவருகிறார் என்பார்கள். நான்கு வீட்டுக்கும் மச்சான் வந்தார்கள். ஐந்தாவதாகப் பார்த்த வீட்டின் சொந்தக்காரி துளசியம்மாவிடம் சுகாசினி ஓரிக்கை என்று மட்டும் சொன்னாள். தெருவைச் சொல்லவில்லை. துளசியம்மாவும் கேட்கவில்லை. ஏழு மாதமாக அந்தக் கேள்வி வராமல் நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

அம்மாவின் தெருவைத் தேடினாள். நாற்பத்தொரு வீடும் மாங்காய்.

ஏதோ தவறு என்றுதான் முதலில் நினைத்தாள். வசந்த் கொடுத்த பட்டியலில் 'வீட்டு வகை' என்று ஒரு வரிசை இருந்தது, ஒன்றிலிருந்து நான்கு வரை எண்கள், எண்ணுக்கு ஓர் உருவம். தொழிலாக இருக்கும் என்று அவளாகவே வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தத் தெருவில் டீச்சர் வீடு இருக்கிறது. வெல்டிங் பட்டறைக்காரர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறாள், லாரி ஓட்டுகிறவர் இருக்கிறார். எல்லாம் மாங்காய். தன் தெருவுக்குப் போனாள். கோபுரமும் அன்னமும், நடுவில் இரண்டு மூன்று ருத்திராட்சமும், எண் இல்லாததால் வட்டமாகவே நின்ற சில வீடுகளும். ஒரு மாங்காய்கூட இல்லை.

நாலு நாள். அந்த மாங்காயின் வால் அழகாகச் சுருள வேண்டும் என்று அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். எந்த உருவம் யாருக்கு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லையா, கேட்க வேண்டாம் என்றுதான் இருந்துவிட்டேனா? எண்களைப் பார்த்த அன்றே உள்ளே ஏதோ ஒதுங்கிக்கொண்டது ஞாபகம் வந்தது. அதைத் தாண்டிப் போக அவளுக்கு வேலை உதவியிருந்தது.

வசந்த் ஐந்து மணிக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். வார்டை ஒட்டிய கிராமத்தில் நிலமுள்ள குடும்பம், இப்போது ரைஸ் மில்லும் இருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு இவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"சூப்பர்க்கா. எவனாவது எட்டிப் பார்த்தாக்கூட ஏதோ சேலை டிசைன் பார்த்துக்கினு இருக்கான்னுதான் நெனப்பான்."

"அதுக்குதான் இதெல்லாமா?"

"பின்ன, பேரு போட்டா வைக்க முடியும்? நம்ம பசங்க தெருவுல எறங்குனா பார்த்ததும் தெரியணும், எந்த வீட்டுல தண்ணி குடிச்சிட்டுப் பேசலாம், எந்த வீட்டுல வாசலோட வந்துடணும்னு." சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

"வாசலோட வர்ற வீட்டுல ஓட்டு மட்டும் உள்ள வந்து விழணுமாப்பா?" என்றாள் அகிலா.

"நீ வேறக்கா. அரசியல்ல இதெல்லாம் சகஜம்." அவன் திரையில் சுகாசினியின் தெருவைப் பெரிதாக்கினான். "இங்க பாருங்க, ஒரு பதினோரு வீடு இன்னும் வட்டமாவே நிக்குது. எல்லாம் வாடகைக்கு வந்தவங்க. பேர வச்சி ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. இந்தக் காலத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி பேருக்கா. நீங்க அங்கதான இருக்கீங்க? நாலு வார்த்தை பேசினா தெரிஞ்சிடாது? ஒவ்வொண்ணையும் தொட்டு மாத்திடுங்க, அஞ்சு நிமிஷ வேலை."

பதினொன்றில் ஏழாவது அவள் வீடு. குரு என்று பெயர் போட்டிருந்தது.

"உங்க வீடு எதுக்கா? முதல்ல அதை மாத்துங்க, மிச்சம் தானா வரும்."

அவள் விரல் மவுஸின்மேல் இருந்தது. தொட்டால் நான்கு உருவமும் வரிசையாக விரியும், அவளே செய்தது. கோபுரத்தைத் தொட்டுவிடலாம். இவன் தலையாட்டிவிட்டுப் போவான். இவனுடைய பையன்கள் நாளைக்கு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார்கள், துளசியம்மா மாடியிலிருந்து பார்ப்பார். இனி அந்தக் கேள்வி எப்போதும் வராது. அம்மா வந்து நான்கு நாள் தங்கும்போது மட்டும் பார்த்துப் பேசச் சொல்ல வேண்டும். அது எவ்வளவு சுலபமாகக் கையெட்டும் தூரத்தில் இருந்தது என்பதில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. மாங்காயைத் தொட்டால் இந்த மாதத்துக்குள் துளசியம்மாவுக்கும் ஒரு மச்சான் வருவார்.

மீதிப் பத்து வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். அதில் ஒருத்தி தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது, கேட்காமலேயே, தன் அம்மா வீட்டுத் தெருவின் பெயரைச் சொன்னவள்.

விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் போடலப்பா."

"ஏன்கா, தெரியாதா?"

"தெரியும்."

அவன் அகிலாவைப் பார்த்தான். அகிலா தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பின்ன? உங்க வீட்டையாவது போடுங்க."

"அதையும் போடல," என்றாள் சுகாசினி.