எண்பத்திரண்டில் நின்ற சூடு

நிசாந்தனின் வான் வண்டியின் எஞ்சின் டைனோ உருளையின் மேல் வெடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் வேலணைச் சந்தி வரைக்கும் கதை போய்விட்டது: கராச்சில் நிற்கிற பெட்டை எஞ்சினை எரித்துப்போட்டாளாம்.

அந்தப் பெட்டைதான் ஹம்சத்வனி. வண்டியை உருளையில் ஏற்றி, நின்ற இடத்திலேயே சில்லுகளைச் சுழலவிட்டு, எஞ்சினின் இழுவையை அளப்பது அவள் வேலை. ஸ்டியறிங்குக்குக் கீழே வயரைக் குத்தினால் போதும். சூடு, சுற்று, வேகம், ஒவ்வொரு வண்டிக்கும் தனியான செசி நம்பர்கூட வண்டியே லப்ரொப்புக்குச் சொல்லிவிடும். அதை நம்பித்தான் அவள் உருளையில் எஞ்சினுக்குப் பாரத்தைக் கூட்டுவாள்.

"சனம் ஏறினா இழுக்குதில்லை எண்டுதானே கொண்டுவந்தனான். எரிச்சுத் தாரும் எண்டு கேட்டனானோ?" என்றான் நிசாந்தன். குறிகாட்டுவான் இறங்குதுறைக்குக் கோயில் சனம் ஏற்றிப் பிழைக்கிறவன். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒவ்வொரு சொல்லாகத் துப்பினான். "உம்மை ஆர் இதில கை வைக்க விட்டது?"

கராச் முதலாளி சிவதர்சன் குழைந்துகொண்டு வந்தான். அந்த வானை நிசாந்தனுக்கு விற்றவனும் அவன்தான். "பிழை எங்கட பக்கம்தான் அண்ணை. பிள்ளை அளவுக்கு மிஞ்சி மிதிச்சுப்போட்டுது. நாளையில இருந்து அவ இஞ்ச வரமாட்டா."

ஹம்சத்வனிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்தப் பெயரோடு வெளியே போனால் தீவுப்பகுதியில் எந்தக் கராச்சும் அவளை வண்டியைத் தொட விடாது. எவ்வளவு லேசாகப் பழியைத் தலையில் கட்டுகிறான் பாவி.

அன்று காலை ஓட்டத்தின் பதிவை லப்ரொப்பில் திறந்தாள். சூட்டைக் காட்டுகிற கோடு எண்பத்திரண்டில் நேராகக் கிடந்தது. வெடிக்கிற நொடியிலும் எண்பத்திரண்டு. முதல் நொடிக்குப் போனாள். இரவு முழுக்க வெளியில் நின்ற எஞ்சின் பச்சைத் தண்ணீராய் இருந்திருக்க வேண்டும். அங்கேயும் எண்பத்திரண்டு. ஓட்டுவதற்கு முன் இதைக் கவனிக்காத தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பொனற்றைத் தூக்கி, சூடு அளக்கிற சென்சரின் வயரைப் பிடித்து, அதில் சுற்றியிருந்த கறுப்பு ரேப்பைப் பிரித்தாள். உள்ளே சின்ன ரெசிஸ்ரர் ஒன்று. எஞ்சின் கொதித்தாலும் எண்பத்திரண்டு என்றே வண்டியைப் பொய் சொல்ல வைக்கிற துண்டு. அதை வயரோடு ஒட்டியிருந்த ஈயத்தைத் திருப்பிப் பார்த்தாள்; பழகாத கை வைத்த மொத்தைத் துளி. அது அவள் வைத்த ஈயம். எட்டு மாதத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த கிழமை, "கை பழக ஒண்டு ஒட்டித் தாரும்" என்று வயரை நீட்டியவன் சிவதர்சன்.

வயரைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்து செசி நம்பரைப் போட்டுத் தேடினாள். அதே வானுக்கு எட்டு மாதத்துக்கு முந்திய பதிவுகள் இரண்டு வந்தன. முதலாவதில் சூடு நூற்றுப் பதினெட்டுக்கு ஏறி, ஓட்டம் பாதியில் நின்றிருந்தது. மூன்று நாள் கழித்து எடுத்ததில் எண்பத்திரண்டில் நேர்கோடு. இரண்டையும் ஓட்டியவர் சிவதர்சன் என்று இருந்தது. உவர்த்தண்ணீர் விட்டு விட்டு அடைத்துப்போன, எஞ்சினைக் குளிரவைக்கிற றேடியேற்றரை மாற்றாமல், ஒரு துண்டு ரெசிஸ்ரரால் பூசி மெழுகி விற்றிருக்கிறான்.

சிவதர்சனின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் காதருகே குனிந்தான். "ஒட்டினது உம்மட கை. வாயைத் திறந்தா நீரும் சேர்ந்துதான் போவீர்."

கோடு மட்டும் காட்டினால் அவள் தப்பலாம். ஈயத்தைப் பற்றி நிசாந்தனுக்கு ஒன்றும் தெரியாது.

அவள் லப்ரொப்பை நிசாந்தன் பக்கம் திருப்பினாள். மூன்று கோடுகளையும் விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினாள். பிறகு வயரை அவன் கையில் கொடுத்தாள். "ஒட்டச் சொன்னது இவர். ஏன் எண்டு தெரியாமல் ஒட்டினது நான்."

நிசாந்தன் வயரைப் பார்த்தான். "எட்டு மாசமா இந்த வானிலதானே சனத்தை ஏத்தினனான்" என்றான். பிறகு இருவரையும் ஒரே வெறுப்போடு பார்த்தான். "உங்களில ஒருத்தரையும் விடமாட்டன். ரெண்டு பேரும் நடவுங்கோ ஊர்காவற்றுறைப் பொலிசுக்கு."

"நான் ஏன் வரவேணும்? அவதானே ஒட்டினவ" என்று சிவதர்சன் இழுத்தான்.

ஹம்சத்வனி லப்ரொப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலில் நின்ற ஓட்டோவில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள்.