கடலுக்குப் பொன்னாடை

பருவநிலை காக்கும் நடைபயணத்தில் அஞ்சலாட்சி போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே கடல் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில், கொஞ்சம் மூச்சு வாங்கியபடி.

கூட்டம் தலைநகருக்குப் போகிறது. அங்கே கோட்டை வாசலில் உட்கார்ந்து, பூமி சூடாவதைத் தடுக்க ஏதாவது செய்யுங்கள் என்று கேட்பதாக ஏற்பாடு. அஞ்சலாட்சிக்கு இதில் சொந்தக் காரியமும் இருந்தது. மீனவர் தெருவில் கடலை ஒட்டிய வீடு அவளுடையது. போன மழைக்கு வாசலில் நின்ற கடல், இந்தக் கோடையில் அடுப்படிக்குள் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஓர் அறை. அதில்தான் அவள் கட்டில் கிடக்கிறது.

"நீ எதுக்கு வந்த?" என்று கடலைக் கேட்டாள்.

"வேகுது புள்ள," என்றது கடல். "இருந்த எடத்துல இருக்க முடியல. ஒடம்பு ஊதிக்கிட்டே போவுது. நானும் ஒரு வார்த்த சொல்லிட்டு வரலாம்னுதான்."

அது நியாயமாகப் பட்டது. அஞ்சலாட்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் பக்கத்திலேயே நடந்தாள்.

முக்குரோட்டில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி மறித்தார்.

"இது யாரு?"

"கடல் சார்," என்றார் ஒருங்கிணைப்பாளர் கதிரொளி.

"தனியா வந்திருக்கா, கூட்டமா வந்திருக்கா?"

"ஆள் கணக்குல ஒண்ணுதான் சார்."

"சரி, லெஃப்ட்ல ஓரமாப் போவச் சொல்லுங்க. பஸ் வருதுல்ல."

கடல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. பஸ் நனையாமல் போயிற்று.

கோஷம் போட்டால் சாலை நீண்டது. அதனால் ஊர் எல்லை வரும்வரை வாய்மூடி நடக்கும்படி கதிரொளி கேட்டுக்கொண்டார். ஓர் இளைஞன் உற்சாகம் தாங்காமல் "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினான். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பாலம் அடிவானத்துக்குப் போய்விட்டது. எல்லாரும் அவனை ஒருமாதிரி பார்த்தார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது, ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் சிவசிதம்பரம் குடையாகிவிட்டார். யாரும் பதறவில்லை. ஆளுக்குக் கொஞ்ச தூரம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

"கொஞ்சம் சாச்சுப் புடிங்கம்மா," என்றார் சிவசிதம்பரம். "எனக்கே அடிக்குது."

ஊருக்கு ஊர் வரவேற்பு இருந்தது. வரவேற்பு என்றால் பொன்னாடை. நடக்கிற ஒவ்வொருவர் தோளிலும் பளபளவென்று ஒரு சால்வையைப் போர்த்தி, மேடையில் உட்காரவைத்துக் கைதட்டுவார்கள். கழற்றினால் அந்த ஊருக்கு அவமரியாதை. அடுத்த ஊர்ச் சால்வை அதன் மேலேயே ஏறும். "வெப்பத்தைக் குறை" என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் மெத்தைகள்போல உப்பி, வேர்த்து ஒழுகியபடி நடந்தார்கள். கதிரொளிக்கு இரண்டு கைகளும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றன. கீழே இறக்க முடியவில்லை.

கடலுக்கு மட்டும் யாரும் போர்த்தவில்லை. தோள் எங்கே என்று தெரியவில்லை என்றார்கள். அதன் பிறகு கடலின் அலை சற்றுத் தணிவாகத்தான் அடித்தது.

அப்போது கதிரொளியின் போன் அடித்தது. சால்வைகளுக்குள்ளிருந்து அதை எடுக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

"மீனவர் தெருவுல வரவேற்பாம்," என்றார். "திரும்பணும் தோழர்களே."

அஞ்சலாட்சி அவர் முன்னால் போய் நின்றாள். "தோழர், அது எங்க தெரு. இத கூட்டிக்கிட்டா அங்க போறது?"

"கூப்பிட்டவங்க தெருவுக்குப் போவலன்னா நல்லாவா இருக்கும்?"

தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். "எங்கள் தெருவுக்குள் வருகை தரும் கடலே, வருக வருக!" பக்கத்தில் அஞ்சலாட்சியின் அண்ணன் பக்கிரிசாமி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். படத்திலும் சிரித்தார், படத்துக்குக் கீழேயும் சிரித்தார். அவர்தான் தெருச் சங்கத்துக்குச் செயலாளர்.

"என் பேரு பெருசாப் போட்டிருக்காங்க," என்றது கடல். சந்தோஷத்தில் ஓர் ஆள் உயரம் எழும்பியது.

அஞ்சலாட்சி அண்ணனைத் தனியே இழுத்தாள். "யார வரவேற்கிறன்னு தெரியுதாண்ணே?"

"ஏன் தெரியாம? இத்தன வருசமாப் பக்கத்துல இருக்கு. ஒரு நாளாச்சும் முறையா உள்ள வாங்கன்னு கூப்புட்டிருக்கமா?"

"உள்ளன்னா எங்கண்ணே?"

"ஊர்வலம் உன் வீட்டுலதான் முடியுது. ஒனக்குத்தான் பெருமை."

மேளம் தொடங்கியது. கடல் கூட்டத்தைத் தாண்டி முன்னால் வந்துவிட்டது. வீட்டு வாசலில் நின்று, மரியாதையாக, எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தது. உள்ளே கட்டில் தெரிந்தது.

அஞ்சலாட்சி அன்றைக்குக் கண்டதையெல்லாம் வேகவேகமாக நினைத்துப் பார்த்தாள். பொன்னாடை போர்த்தப்பட்டவர் மேடையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தவர் நன்றியுரை முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. முந்தைய ஊரில் கதிரொளி ஒன்றுக்குப் போக முடியாமல் தவித்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

"இதுக்கு யாருமே போத்தலியே!" என்று கத்தினாள்.

மேளம் நின்றது. கூட்டத்துக்கு அது குற்றமாகத்தான் பட்டது.

"தோள் எங்கம்மா இருக்கு?" என்றார் பக்கிரிசாமி.

"போத்துனா தெரிஞ்சிரும்."

எல்லாரும் தங்கள் சால்வைகளைக் கழற்றினார்கள். நுனியோடு நுனி முடிந்து, வலை வீசுகிறமாதிரி நாலாபக்கமும் நின்று வீசினார்கள். கடலுக்குத் தோள் இருந்தது. இவ்வளவு நாளும் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கடல் கூச்சத்தோடு, வீட்டுக்கு எதிரே போட்டிருந்த மேடையில் ஏறி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தது. நாற்காலியின் கால்கள் லேசாக அகன்று, பிறகு தாங்கிக்கொண்டன. தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லாம் நாற்காலியில் இருந்தது.

வரவேற்புரை நடந்தது. வாழ்த்துரை நடந்தது. கடல் மடியில் கைவைத்துக் கேட்டது. கடைசியாகப் பக்கிரிசாமி மைக்கைப் பிடித்தார். "நேரமின்மை காரணமாக ரெண்டே வார்த்தையில நன்றி..."

அஞ்சலாட்சி மைக்கைப் பிடுங்கினாள்.

"நேரம் இருக்கு," என்றாள்.

மைக்செட்காரருக்கு நன்றி சொன்னாள். அவர் மாமியாருக்கு நன்றி சொன்னாள். மேளக்காரர்களுக்கு, மேளத்துக்கு, ஃபிளெக்ஸ் கட்டிய மூங்கில்களுக்கு, அவற்றுக்குக் குழி தோண்டியவர்களுக்கு, குழிகளுக்கு. அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது. கீழே விழாமல் பறப்பதுபோல இருந்தது. இவ்வளவு பேருக்கு நன்றி சொல்லலாம் என்று இதுவரை தெரியாமல் போய்விட்டதே.

கதிரொளி மேடையோரம் வந்தார். சால்வை இல்லாமல் அவர் கைகள் மறுபடி தொங்கின. "தோழர், கோட்டைக்குப் போகணுமே."

"நீங்க போங்க. இது எழுந்திரிக்காம நான் பேசிக்கிட்டிருக்கேன்," என்று மைக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "என்ன செய்வாங்கன்னு கேட்டு, செய்ய வச்சுட்டு வாங்க. என் தொண்டை தாங்குறவரைக்கும்தான். ஓடுங்க!" பிறகு கையை எடுத்துவிட்டு, "இப்போது ஓடவிருக்கும் தோழர்களுக்கும் என் நன்றி" என்றாள்.

அவர்கள் ஓடினார்கள். சால்வைக் கனம் இல்லாததால் தரையில் கால் பாவவில்லை. சிவசிதம்பரத்துக்குள் காற்றுப் புகுந்து, பிடித்திருந்த இளைஞனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்னால் போனது. "வடக்கு இந்தப் பக்கம்!" என்று மேலிருந்து அவர் குரல் கேட்டது.

வீட்டுக்குள் அடுப்படித் தரை காயத் தொடங்கியிருந்தது. அம்மிக்கு மேல் ஒரு நண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அதற்கும் நன்றி சொன்னாள்.

கடல் மெல்லக் கையை உயர்த்தியது. "என் பேரு இன்னும் வரலியே?"

"வருது. உக்காரு."

கடல் சால்வையைச் சரிசெய்துகொண்டு நன்றாக உட்கார்ந்தது. பெயர் வரும்முன் யார் எழுந்து போவார்கள்?

அஞ்சலாட்சி ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். கொண்டுவந்தவருக்கு நன்றி சொன்னாள். பிறகு மின்கம்பியில் இருந்த காக்கைகளுக்கு இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக, நன்றி சொல்லத் தொடங்கினாள். தூரத்திலிருந்து இன்னும் சில காக்கைகள் பறந்து வந்து வரிசையில் உட்கார்ந்தன.