நன்னடத்தைக்கு நாலு வரி

கட்டுக்காரருக்கு வயிற்றெரிச்சல் புதிதல்ல. பதினாறு வருடமாக அது அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தது. சண்டைக்கு முன் குத்துச்சண்டை வீரர்களின் கையில் துணி சுற்றிக் கட்டுவதும், சுற்றுகளுக்கு நடுவே முகத்தில் வழியும் ரத்தத்தை அழுத்தி நிறுத்துவதும் அவர் தொழில். அவர் கட்டிய கைகளிலேயே பேர் பெற்றவை சாம்பியனுடையவை. நாடே தலையில் தூக்கி வைத்து ஆடும் அந்தச் சாம்பியன், அவருடைய சொந்தத் தங்கையின் புருஷன். எரிவதற்கு இது போதாதென்று இன்னொன்றும் உண்டு. வாலிபத்தில் ஒரு கிளப் போட்டியில் அவனைக் கட்டுக்காரர் புள்ளிக் கணக்கில் ஜெயித்திருக்கிறார். சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். "அப்படியா" என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் இவர் வரிசையாக மூன்று முறை தோற்று ஒதுங்கினார். அவன் தோற்கவே இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் சண்டை போடுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். மூலையில் வாளியோடு நிற்கும் கட்டுக்காரருக்கே சில சமயம் கை தட்டத் தோன்றும். தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபம் வரும். மேடையை விட்டு இறங்கினால்தான் அவன் யாரென்று தெரியும். கையெழுத்து கேட்டு வந்த ஒரு பெரியவரின் நோட்டுப் புத்தகத்தைத் தரையில் போட்டு மிதித்துக்கொண்டு போனவன் அவன். மறுநாள் பத்திரிகையில் அவனுக்குக் கொடுத்திருந்த பட்டம், பணிவின் சிகரம். அந்தப் பத்திரிகையைக் கட்டுக்காரர் ஈரப் பூட்ஸுக்குள் திணித்தார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் சங்கச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். புதிதாகக் கட்டிய விளையாட்டரங்கத்துக்குச் சாம்பியன் பெயரை வைக்கப் போகிறார்களாம். பத்து வருடமாவது கூடவே இருந்து பழகியவர் ஒருவர் நன்னடத்தைக் கடிதம் தர வேண்டும் என்று விதியாம். உங்களை விட்டால் வேறு யார் என்று செயலாளர் குழைந்தார்.

"நாலு வரி போதும் சார். ஒழுக்கமானவர், பண்பானவர்னு போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க. கடிதம் இல்லாம மட்டும் பேர் வைக்க முடியாது."

கட்டுக்காரர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு தலையாட்டினார். உள்ளுக்குள் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவன் குடுமி இவர் கையில் சிக்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத பயிற்சிக்கூடத்தில், மருந்துப் பெட்டியையே மேசையாக வைத்து எழுத உட்கார்ந்தார். நாலு வரி நாலு பக்கமாயிற்று. எழுதி முடித்ததும் யாராவது படித்து, சபாஷ் என்று சொன்னால் தேவலை என்றிருந்தது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் புருஷனைப் பற்றி எழுதுவது நியாயமில்லை என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். சாம்பியன் வெளியூர்ப் பயிற்சி முகாமில் இருந்தான். செயலாளர் கேட்டதையும் பத்து வருட விதியையும் சொல்லி, கடிதத்தைத் தங்கையிடம் நீட்டினார்.

தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். முதல் பக்கம், எந்தெந்தப் புகைப்படத்தில் இவரை அவன் ஓரமாகத் தள்ளினான் என்பது. இரண்டாம் பக்கம், மச்சான் என்று கூப்பிட வேண்டியவன் நாலு பேர் முன்னால் "ஏ கட்டு" என்று கூப்பிட்டது. மூன்றாம் பக்கத்தில்தான் பெரிய விஷயம் இருந்தது. சாம்பியன் பட்டம் ஜெயித்ததற்கு முந்தின நாள் அவன் வலது கை முட்டியில் தோல் கிழிந்து வந்தான். கையுறை போட்டுக் குத்தினால் அப்படிக் கிழியாது. கட்டுக்காரர் காயத்தைக் கழுவி, பஞ்சு வைத்து, மறுநாள் கட்டைச் சோதித்து மேலே கையெழுத்துப் போடும் அதிகாரிக்கே சந்தேகம் வராதபடி சுற்றிவிட்டார். அந்தக் கையால்தான் மூன்றாவது சுற்றில் எதிராளி விழுந்தான். கையைக் காப்பாற்றிக் கொடுத்தவனுக்கு ஒரு நன்றி உண்டா என்று கேட்டு அந்தப் பக்கம் முடிந்தது.

தங்கை நாலாம் பக்கத்தையும் படித்து முடித்துவிட்டு, திரும்பி வந்து அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"என்ன காயம்னு பார்த்ததுமே தெரிஞ்சுதா?"

"தெரியாம? பல்லு பட்டது. எவன்கூடவோ தெருச்சண்டை போட்டிருக்கான். எத்தனை வருஷமா இதே தொழில்ல இருக்கேன்." சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"யாரோட பல்லுன்னு கேட்டியா அண்ணே?"

அவருக்குப் புரியவில்லை. அவள் மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். முன்பல் ஒன்று மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தாள். ரப்பர் மிதியடி வாங்கிப் போடச் சொல்லி இவர்தான் புத்திமதி சொன்னார்.

உடனே அவருக்கு நெஞ்சு வெடித்தது என்று சொன்னால் பொய். முதலில் வந்தது சந்தோஷம். மாட்டினான் என்ற சந்தோஷம். அடுத்த நொடியே துக்கமும் வந்தது, வெட்கமும் வந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"இதையும் சேர்த்துடலாம்."

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் முகத்தில் முதலில் வந்துபோனதை அவள் தவற விடவில்லை.

"நாலு பக்கம் எழுதியிருக்கே. அவரு உனக்குப் பண்ணினது ஒண்ணு விடாம இருக்கு. நான் ஒரு வரியிலகூட இல்லை."

அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்தாள்.

"நான் அவரோட பன்னெண்டு வருஷமா இருக்கேன். விதிக்கு அது போதும்ல?"

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. நீ கொஞ்சம் வெளியில உக்காரு."

கட்டுக்காரர் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு பேசியதை நினைத்தார். கண் கலங்கியது. அந்தக் கையை எவ்வளவு பக்குவமாகக் கட்டினோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. ஆனால் அதற்கு நடுவிலேயே இன்னொரு நினைப்பும் புகுந்தது. இவள் எழுதுவதைத்தான் எல்லோரும் நம்பப் போகிறார்கள். அவனைக் கீழே இறக்கியது இவள் என்றுதான் சொல்லப் போகிறார்கள். கட்டுக்காரர் பேச்சை யார் எடுப்பார்கள்?

தங்கை மேலேயே வயிறு எரிந்தது. எரிவது தெரிந்ததும் அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். உள்ளே அவள் நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.