ஆவியில் வெந்த கல்

ஜெபமணி சம்மட்டியை ஓங்கியதும் பள்ளிக்கூட முற்றத்தில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். தரையில் கிடந்தது அவன் தங்கை நேசபாய் மணலிலிருந்து செய்து கொண்டுவந்த சாம்பல் நிறக் கல். புதுக் கட்டடத்துக்கு யாரிடம் கல் வாங்குவது என்று முடிவு செய்யச் சபைக் கமிட்டி அன்று கூடியிருந்தது.

"புட்டு அவிக்கது மாதிரி மண்ண அவிச்சா கல்லாயிருமா? நாளைக்குப் பிள்ளைங்க தலையில விழுந்தா யாரு பதில் சொல்லுவா?" என்று ஜெபமணி கமிட்டிக்காரர்களைக் கேட்டான்.

"பேசாம அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க," என்றாள் நேசபாய், போதகரிடம். அண்ணனோடு அவள் பேசி இரண்டு வருஷமாகிறது.

அவர்களின் அப்பா சாகும்போது மலையடிவாரத்துக் கல்குவாரியை மகனுக்கும், குளச்சல் பக்கத்துச் சிப்பிச் சுண்ணாம்புக் காளவாயை மகளுக்கும் எழுதிவைத்திருந்தார். நேசபாயின் கணவர் செல்வதாஸ் குவாரியில் மேஸ்திரியாக இருந்தார். திருவனந்தபுரம் ரோட்டுக்குத் திருக்கொச்சி சர்க்கார் ஜல்லி கேட்டு நெருக்கிய சமயம், பாறையில் வெடிமருந்து கெட்டித்த ஒரு குழி வெடிக்காமல் கிடந்தது. விடியும்வரை யாரும் கிட்டே போகவேண்டாம் என்றார் செல்வதாஸ். "மச்சானுக்குப் பேடியாக்கும்," என்று அவர் பயத்தை ஆட்கள் முன்னால் கேலி செய்து சிரித்தான் ஜெபமணி. அவர் குழியைப் பார்க்கப் போனார். சவப்பெட்டியை மூடியேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில், "அவருக்கு எப்பவுமே கவனம் கம்மி," என்று ஜெபமணி யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு மலையில் வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சிப்பி வாங்கக் கடியப்பட்டணம் கடற்கரைக்குப் போன ஒரு நாள், பாறை என்று நினைத்து மிதித்த இடத்தில் முழுச் சங்கு ஒன்று பதிந்திருப்பதைக் கண்டாள். குனிந்து பார்த்தாள். சிப்பி கரைந்த தண்ணீர் கரைமணலுக்குள் இறங்கி இறங்கி, மணலை மணலோடு பிணைத்துப் பாறையாக்கியிருந்தது. வெடியில்லாமல் கல் உண்டாகிறது. இன்டர்மீடியட்டில் ரசாயனம் படித்தவள் அவள். கடல் எத்தனையோ காலம் எடுத்துச் செய்வதைச் சூடும் அழுத்தமும் கொடுத்துச் சீக்கிரம் செய்ய முடியாதா? மூடிக்கிடந்த அரிசி மில்லின் பாய்லரை வாங்கினாள். உப்புப்போகக் கழுவிய மணலோடு சுண்ணாம்பைக் கலந்து, அச்சில் அழுத்தி, ஆவியில் வேகவைத்தாள். முதலில் எடுத்தவை கையிலேயே உதிர்ந்தன. ஒருநாள் ஒன்று உதிரவில்லை. அப்போது அவள் மனதில் அண்ணனின் முகம்தான் வந்தது. அவன் மலையை யாருக்கும் வேண்டாததாக்கிவிட வேண்டும்.

பள்ளி முற்றத்தில், முதல் அடியில் சம்மட்டி எகிறியது. இரண்டாவது அடியில் ஒரு மூலை மட்டும் பெயர்ந்தது. "போதும், ஜெபமணி," என்றார் போதகர். அவன் நிறுத்தவில்லை. கல் பொடியாகும்வரை மூச்சிரைக்க அடித்தான். அதற்கு எத்தனை அடி வேண்டியிருந்தது என்பதைக் கமிட்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டடத்துக்கு நேசபாயின் கல் என்று முடிவாயிற்று.

அடுத்த வாரம், ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அவள் காளவாய்க்குத் திரும்பியபோது கொட்டகைக்குள் சுத்தியல் சத்தம் கேட்டது. குவாரியில் ஜல்லி உடைக்கும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, அடுக்கி வைத்திருந்த கற்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கூச்சலில்லை, ஏச்சில்லை. தினமும் செய்கிற வேலையைப் போலவே செய்தார்கள்.

"அவன் அனுப்பினானா?" என்று கத்தினாள்.

பூங்கனி என்பவள் மட்டும் தலைநிமிர்ந்தாள். "ஒருத்தரும் அனுப்பல்லம்மா. குவாரிய மூடப்போறேன்னு மொதலாளி சொல்லியாச்சு. ஒங்க மாப்பிளைக்க சாவ ஒங்க அண்ணன்ட்ட கேளுங்க. எங்க சோத்துல எதுக்கு மண்ணள்ளிப் போடுதிய?"

"இங்க வேலைக்கு வாங்களேன்."

"நாங்க நாப்பது பேரு. எத்தன பேர எடுப்பிய?"

நேசபாய் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அச்சில் மண் அழுத்த நாலு பேர், அடுப்புக்கு ஒருத்தர், அவ்வளவுதான். பூங்கனியின் சுத்தியலைப் பிடித்து இழுத்தாள். பூங்கனி விடவில்லை. நகம் நசுங்கிக் கறுத்த அந்த விரல்கள் காம்பை இன்னும் இறுக்கிக்கொண்டன. "விடுட்டி!" என்றாள் நேசபாய். அந்தக் குரல் அண்ணனுடையதைப்போல் அவளுக்கே கேட்டது.

அப்போது பின்னால் இரும்பில் இரும்பு மோதியது. ஒரு பெண் பாய்லர் கதவை இறுக்கியிருந்த மறையாணிகளை அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே புதுக் கட்டிகள் வெந்துகொண்டிருந்தன. ஆவி உச்சத்தில் இருந்தது. ஒரு மறையாணி தெறித்தாலும் கதவு பறக்கும்; கொட்டகையில் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

"தொடாத! தள்ளிப் போ!"

அந்தப் பெண் அவளைப் பார்த்தபடியே மறுபடி ஓங்கினாள்.

நேசபாய் ஓடிப்போய் அவளை இடித்துத் தள்ளிவிட்டு, ஆவியை வெளியேற்றும் வால்வைப் பிடித்து முழுக்கத் திருகினாள். கை பொசுங்கியது. பாதி வெந்த கற்களின் சூடெல்லாம் சீறிக்கொண்டு வெளியேறியது. கொட்டகை வெள்ளையாக நிறைந்தது. பூங்கனி மறைந்தாள், மற்றவர்கள் மறைந்தார்கள், தன் கையே அவளுக்குத் தெரியவில்லை. யாரோ இருமினார்கள். சீறல் மெல்லமெல்ல அடங்க, அந்த வெள்ளைக்குள் எங்கேயோ ஒரு சுத்தியல் கல்லைத் தட்டத் தொடங்கியது. பிறகு இன்னொன்று.