பையாவும் பையவும்

பாளையங்கோட்டையை ஒட்டிய வண்ணார்பேட்டைப் பேருந்துகளுக்கு யார் வீட்டுத் துக்கமும் தெரியாது. ஹாரன் சத்தம் தாங்காமல் எப்சி எழுந்துபோய் தெருப்பக்கத்து ஜன்னல்களை அடைத்துவிட்டு வந்தாள். எதிரே கடற்படை அதிகாரி ராணா மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். மாமனார் தேவமணி, ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் கிளார்க், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது மந்தம். அதை ஒப்புக்கொள்ளத்தான் மனது வராது. ஜெய்சன் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது.

ஜெய்சன் அவள் கணவன், ரோந்துப் படகு ஒன்றின் கேப்டன். போர் மூண்ட அன்று காலை அவன் அரபிக்கடலில் இருந்தான். அருகில் நம் தெற்கத்திக் கடற்கரை ஊர்களின் விசைப்படகுகள் மூன்று மீன்பிடித்துக்கொண்டிருந்தன. எதிரியின் முதல் அடியில் ரோந்துப் படகு தீப்பிடித்தது. தன் ஆட்கள் பன்னிரண்டு பேரையும் விசைப்படகுகளில் ஏற்றிவிட்டு, தனியாளாகப் படகைத் திருப்பி முழு வேகத்தில் வேறு திசையில் போனான். இரண்டாவது அடி அவன்மேல் விழுந்தது. மற்றவர்கள் எல்லாரும் எதிரியின் துறைமுகம் ஒன்றில் உயிரோடு அடைபட்டிருக்கிறார்கள். அவர்கள் வந்து வாய் திறக்கும்வரை, ரேடியோவில் பதிவான சில நொடிகள்தான் சாட்சி.

அதில் அவன் "பையா, பையா" என்று இந்தியில் அண்ணனைக் கூப்பிடுகிறான் என்று கடற்படையின் விசாரணை அறிக்கை சொன்னது. எழுதியவர் போபால்காரர், சரிபார்த்தவர் சென்னைக்காரர். முன்னவருக்குத் தமிழே தெரியாது. பின்னவருக்கு 'மெதுவா' தெரியும், அதற்கான தெற்கத்திச் சொல் தெரியாது. ஆகவே கேப்டன் பதறிப்போய் உதவி கேட்டான், பிறகு எல்லாரையும் விட்டுவிட்டு ஓடினான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். குரல் அவனுடையதுதான் என்று எப்சி கையெழுத்துப் போட்டால் அறிக்கை மேலே போய்விடும்.

ராணா பதிவை ஓடவிட்டார். கரகரப்புக்கு நடுவே அந்தக் குரல் வந்தது. பைய... பைய... மெதுவா, மெதுவா என்கிறான்; பாளையங்கோட்டையில் பிறந்தவளுக்கு அதில் என்ன குழப்பம்?

விசைப்படகுகள் வேகமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ராணா யோசித்துச் சொன்னார். ரேடாரில் விரைந்து ஓடுவதுதான் போர்ப்படகாகத் தெரியும், ஊர்ந்து போவதை மீன்படகு என்று விட்டுவிடுவார்கள். சொல்லிவிட்டு, ஏன் கேட்கிறீர்கள் என்றார்.

அந்தச் சொல் 'பையா'வாகவே இருந்துவிட்டால் அவன் பயந்திருக்கிறான், பிழைக்க ஆசைப்பட்டிருக்கிறான், அவளிடம் திரும்பி வரப் பார்த்திருக்கிறான். 'பைய' என்றால் அப்படி இல்லை. பதறாமல், தெரிந்தே, அவளையும் உள்ளறையில் தூங்கும் பிள்ளையையும் விட்டுப் போயிருக்கிறான். பாவி மனுஷன் என்று மனதுக்குள் வைதாள். வைதபோதே பெருமையில் நெஞ்சு விம்மியது, அதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

"என்னம்மா சொல்லுதான்?" என்றார் தேவமணி.

எப்சி அவர் காதருகே குனிந்தாள். "அவிய யாரையும் கூப்பிடல, மாமா. பைய போங்கன்னு சொல்லுதாவ. மீன்படகுக்காரங்கள பைய போவச் சொல்லிட்டு, அவிய வேகமாப் போயிருக்காவ."

தேவமணி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப எம் மவன் ஓடல" என்றார்.

எப்சி ராணாவுக்கு விளக்கினாள். அவர் அறிக்கைத் தாளை மேசைமேல் அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார். 'பையா'வை அடித்துவிட்டு, பக்கத்தில் சரியான சொல்லையும் அதன் பொருளையும் பள்ளிக் கரும்பலகையில் எழுதும் அதே டீச்சர் கையெழுத்தில் எழுதி, கீழே ஒப்பமிட்டாள்.

இன்னொரு தடவை போடச் சொன்னாள். இந்த முறை அவள் காது சொல்லில் நிற்கவில்லை. அவன் பைய, பைய என்று சொல்லச் சொல்ல, குரலுக்குப் பின்னால் அவன் படகின் எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது.